பிரம்புக் குருத்தும் பிரப்பம்பழமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரம்பு என்றதும் நமக்கு நாற்காலியும் கூடையும் பழைய பள்ளிக்கூட வாத்தியாரும்தான் நினைவுக்கு வருவார்கள். அசாமில் தொடங்கி லாவோஸ், சுமத்ரா, போர்னியோ வரை காட்டை ஒட்டி வாழும் லட்சக்கணக்கானவர்களுக்கு அது முதலில் ஒரு காய்கறி. இந்தச் செடியைப் பற்றித் தமிழில் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் மரச்சாமான் கடையோடு நின்றுவிடுகிறது. சாப்பிடும் பக்கத்தைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பிரம்பைச் சாப்பிட முடியுமா? நாற்காலி பின்னும் அதே பிரம்பா?

அதேதான். தென்னை, பனை, கமுகு, ஈச்சை எல்லாம் அடங்கிய பனைக் குடும்பத்தில் பிறந்த கொடி இது. தானாக நிமிர்ந்து நிற்காது. பக்கத்து மரத்தைப் பிடித்துத்தான் மேலே போகும். சில இனங்களில் இலை நுனியிலிருந்தும், வேறு சிலவற்றில் இலையுறையிலிருந்தும் ஒரு நீண்ட சாட்டை கிளம்பும். அதில் பின்னோக்கி வளைந்த கொக்கி முட்கள் வரிசையாக இருக்கும். காற்றில் ஆடும்போது அந்தச் சாட்டை எதையாவது பிடித்துக்கொள்ளும், கொடி ஏறிவிடும். சில இனங்கள் நூறு மீட்டரையும் தாண்டி நீளும்.

உலகத்தில் ஏறத்தாழ 600 பிரம்பு இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளில். ஆப்பிரிக்காவில் சுமார் இருபது. இவற்றில் ஆகப் பெரிய பேரினம் காலமஸ். முற்றிய தண்டு நாற்காலிக்கும் கூடைக்கும் போகிறது. முற்றாத நுனி, அதாவது குருத்து, சமையலுக்குப் போகிறது. சில இனங்களின் பழத்தையும் தின்கிறார்கள்.

குருத்து என்றால் எந்தப் பகுதி? முள்ளை என்ன செய்வது?

தென்னை மரம் சாய்ந்தால் அதன் உச்சியைப் பிளந்து வெள்ளைக் குருத்தை எடுத்துத் தின்போம் அல்லவா? பிரம்பிலும் அதே இடம்தான். வளரும் நுனியும் அதைச் சுற்றி இன்னும் விரியாமல் சுருண்டிருக்கும் இளம் இலைகளும்தான் குருத்து. ஆனால் அதை எட்டுவதற்குள் பெரும்பாடு.

வெட்டிக்கொண்டு வரும்போது ஒரு மீட்டர் நீளக் கழியாக இருக்கும். சுற்றிலும் இலையுறை, அதன் மேல் ஊசி ஊசியாகத் தட்டை முட்கள். முறிந்து சதைக்குள் தங்கினால் விரல் வீங்கி, சீழ் வைக்கும். அதனால் பழகியவர்கள்கூட வெறுங்கையால் தொடுவதில்லை. தடித்த துணியைச் சுற்றிப் பிடித்து, கனமான கத்தியால் உறையை நீளவாக்கில் கீறுவார்கள். முதல் இரண்டு மூன்று உறைகள் மரப்பட்டை மாதிரி கெட்டி. அவை போனதும் வெளிர்பச்சை உறை வரும். அதிலும் முள் உண்டு, ஆனால் விரலால் தடவினால் மடங்கும் அளவுக்கு மென்மை. அதையும் உரித்தால் உள்ளே விரல் தடிமனில் தந்த நிறக் குருத்து. வளைத்துப் பார்க்க வேண்டும். பட்டென்று ஒடிந்தால் சமையலுக்கு ஆகும். நார் இழுத்தால் அந்த இடம் வரைக்கும் வெட்டிப் போட வேண்டியதுதான். ஒரு மீட்டர் கழியில் தேறுவது இரண்டு சாண் இருந்தால் அதிகம்.

சுமத்ராவில் இதற்குக் குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உறையோடு அப்படியே நெருப்பில் போட்டுவிடுவார்கள். முள் கருகி உதிர்ந்துவிடும், உள்ளே குருத்து தன் ஈரத்திலேயே வெந்துவிடும். பிறகு பிளந்து எடுத்தால் போதும்.

சுவை எப்படி இருக்கும்?

கசக்கும். எவ்வளவு என்பது இனத்தையும், குருத்தின் வயதையும், வெட்டி எத்தனை நேரம் ஆயிற்று என்பதையும் பொறுத்தது. தென்னங்குருத்தின் இனிப்பை எதிர்பார்த்து வாயில் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். பாகற்காய் பிடித்தவர்களுக்கு இது பிடித்துப்போகும். முதலில் கசப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய இனிப்பு, கடிக்கும்போது கூனைப்பூவை (ஆர்டிசோக்) நினைவூட்டும் வழவழப்பு. கசப்பு வேண்டாமென்றால் துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டிவிடலாம். இரண்டு முறை வடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் லாவோஸிலோ அசாமிலோ யாரும் கசப்பை முழுசாகப் போக்குவதில்லை. அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள்.

யார், எங்கே, எப்படிச் சாப்பிடுகிறார்கள்?

லாவோஸிலும் தாய்லாந்தின் வடகிழக்கான இசானிலும்தான் பிரம்புக் குருத்து அன்றாடச் சந்தைக் காய்கறியாக இருக்கிறது. கட்டுக் கட்டாக, முள் சீவி விற்பார்கள். அங்கே புகழ்பெற்ற சமையல் 'கேங் வாய்' என்னும் குழம்பு. யாநாங் என்ற கொடியின் இலையைக் கசக்கிப் பிழிந்த கரும்பச்சைச் சாறுதான் குழம்புக்கு அடிப்படை. அதில் வேகவைத்த குருத்து, மிளகாய், எலுமிச்சம்புல், காளான், நறுமணக் கீரைகள், கடைசியில் நொதிக்கவைத்த மீன். ஊறவைத்து இடித்த அரிசியைச் சேர்த்துக் குழம்பைக் கொஞ்சம் கெட்டியாக்குவார்கள். ஒட்டும் அரிசிச் சோற்றை உருண்டையாகப் பிடித்து இதில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். தேங்காய்ப்பால் கிடையாது. தாய்லாந்துக் குழம்பு என்றாலே தேங்காய்ப்பால்தான் என்று நினைப்பவர்கள் இசான் பக்கம் ஒருமுறை போய் வர வேண்டும்.

அசாமில் இதன் பெயர் பேத்காஜ். பேத் என்றால் பிரம்பு. அங்கே ஒரு தனி முறை உண்டு: வாழைப்பழத் தோலை உலர்த்தி எரித்து, அந்தச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடிகட்டிய கார நீரில் காய்கறியைச் சமைப்பார்கள். குருத்தை அதில் வேகவைத்தால் கசப்பும் அடங்கும், நாரும் மெத்தென்று ஆகும். மீனோடு சேர்த்துச் சமைப்பதும் உண்டு. சுட்டு, மசித்து, பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் சேர்ப்பதும் உண்டு. வயிற்றுப் பூச்சிக்கு நல்லது என்பது அங்குள்ள பாட்டிமார்களின் நம்பிக்கை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: அசாமில் பெரிதும் சாப்பிடும் காலமஸ் டெனுயிஸ் என்ற இனத்தைத்தான் லாவோஸிலும் குருத்துக்காக நடுகிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மியான்மர் முழுசாகக் கிடக்கிறது. சமையல் முறை முற்றிலும் வேறு, செடி ஒன்றே.

சுமத்ராவின் மண்டைலிங் மக்கள் சுட்ட குருத்தைப் 'பக்காட்' என்கிறார்கள். மேடான் நகரில் ரம்ஜான் மாதம் வந்துவிட்டால் சாலையோரம் பக்காட் சுடும் புகைதான். மாலையில் நோன்பு திறக்கும்போது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, காரமான சம்பலோடு வாங்கிப் போவார்கள். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த வயிற்றுக்கு இந்தக் கசப்பு பசியைத் தூண்டிவிடும் என்று காரணம் சொல்கிறார்கள்.

போர்னியோத் தீவின் மத்திய களிமந்தானில் தயாக் மக்கள் ஆற்று மீனும் புளிப்புக் கத்திரிக்காயும் போட்டுக் குருத்துக் குழம்பு வைக்கிறார்கள். 'ஜூஹு' என்று தொடங்கும் பெயர்களில் அந்த மாகாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும். கசப்பு, புளிப்பு, மீனின் இனிப்பு மூன்றும் ஒரே கிண்ணத்தில்.

மத்திய ஆப்பிரிக்காவில் லக்கோஸ்பெர்மா என்ற பேரினத்தின் குருத்தைச் சுட்டுத் தின்கிறார்கள்.

இது மூங்கில் குருத்து மாதிரிதானே?

இல்லை. மூங்கில் புல் குடும்பம், பிரம்பு பனைக் குடும்பம். மூங்கில் குருத்தில் சயனைடை வெளிவிடும் பொருள் இருப்பதால் அதைக் கட்டாயம் வேகவைக்க வேண்டும். பிரம்புக் குருத்தைக் கொதிக்கவைப்பது கசப்பைக் குறைக்கவும் மென்மையாக்கவும்தான். ஒரே சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் விற்பதால் வரும் குழப்பம் இது.

குருத்தை வெட்டினால் கொடி செத்துவிடாதா?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. பதிலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பனைக் குடும்பத்தில் ஒவ்வொரு தண்டுக்கும் வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். மா, வேம்பு போல நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் கிளைக்காது. குருத்தை எடுத்தால் அந்தத் தண்டின் கதை அதோடு முடிந்தது. அப்படியென்றால் கொடியே போய்விடுமா என்பது அது எப்படி வளரும் இனம் என்பதைப் பொறுத்தது.

வாழை போலத் தூரிலிருந்து பக்கக் கன்றுகள் விடும் பிரம்புகள் உண்டு. காலமஸ் டெனுயிஸ், காலமஸ் விமினாலிஸ் எல்லாம் அந்த வகை. ஒரு தண்டை வெட்டினால் தூர் அடுத்த தண்டை அனுப்பும். அளவோடு வெட்டினால் ஆண்டுக்கணக்கில் தந்துகொண்டே இருக்கும். இன்னொரு வகை ஒற்றைத் தண்டுக்காரர்கள். இதற்குப் பேர்போனது மலேசியா, இந்தோனேசியாக் காடுகளின் காலமஸ் மனான், அங்கே ரோத்தான் மனாவ் என்பார்கள். நாற்காலிச் சட்டத்துக்கு உலகம் தேடும் தடித்த பிரம்பு இதுதான். முளைத்த பிறகு சில ஆண்டுகள் வெறும் இலைக் கொத்தாகத் தரையில் உட்கார்ந்திருக்கும். அப்புறம்தான் தண்டு நீளும். இதன் நுனியை ஒருவர் ஒரு வேளைக் குழம்புக்கு வெட்டினால் செடி அத்தோடு சரி. பதினைந்து ஆண்டு கழித்துக் கிடைத்திருக்கும் கழியும் போயிற்று, விதையும் போயிற்று.

ஆகவே 'பிரம்புக் குருத்து சாப்பிடுவது காட்டுக்குக் கெடுதலா' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த இனம், யார் வெட்டியது, தூரில் எத்தனை தண்டை விட்டுவைத்தார்கள் என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு நாலு குருத்து எடுக்கும் குடும்பத்தால் எந்தக் காடும் அழிந்ததில்லை. சாலை போட்டதும், மரம் வெட்டியதும், எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்காகக் காட்டைத் திருத்தியதும், கழிக்காகக் கணக்கில்லாமல் அறுத்ததும்தான் பிரம்பைக் குறைத்தன. சந்தைக்காக வெட்டத் தொடங்கும்போது குருத்தும் அந்தப் பட்டியலில் சேரும். அதில் சந்தேகம் இல்லை.

தோட்டமாக வளர்க்க முடியாதா?

முடியும், வளர்க்கிறார்கள். காட்டுக் குருத்து குறையக் குறைய, லாவோஸிலும் இசானிலும் விவசாயிகள் அதை வயல் பயிராகவே நடத் தொடங்கினார்கள். இசானில் சகோன் நகோன் மாகாணம் இதற்குப் பெயர் பெற்றது.

கழிக்காக வளர்ப்பதற்கும் குருத்துக்காக வளர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இதில் முக்கியம். கழி வேண்டுமென்றால் ஏறுவதற்கு மரம் வேண்டும், நிழல் வேண்டும், ஏழெட்டு ஆண்டு பொறுமையும் வேண்டும். குருத்துக்கு மரமே வேண்டாம். திறந்த வெயிலில், ஒரு மீட்டர் இரண்டு மீட்டர் இடைவெளியில் நெருக்கி நட்டு, தண்ணீரும் எருவும் கொடுத்தால் ஒன்று ஒன்றரை ஆண்டில் முதல் வெட்டு. தண்டு இடுப்பளவு வருவதற்குள் அறுத்துவிடுவதால் அது கொடியாகப் படரவே படராது. அதன் பிறகு தூர் விடும் கன்றுகளை மாற்றி மாற்றி ஆண்டு முழுக்க அறுக்கலாம். கோடையில் மற்ற காய்கறி குறையும் நேரத்தில் தண்ணீர் வசதி உள்ளவருக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

சிறு விவசாயிக்கு இது பொருத்தமான பயிர் என்று உறுதியாகச் சொல்வேன். குறை என்றால் ஒன்றுதான்: முள். களை எடுப்பதும் வெட்டுவதும் சுலபமான வேலை இல்லை. கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

களிமந்தானின் தயாக் மக்களின் வழி வேறு. காட்டைத் திருத்தி நெல் விதைக்கும்போதே பிரம்பு விதையையும் போட்டுவிடுவார்கள். ஓரிரு ஆண்டு நெல் எடுத்ததும் நிலத்தை ஆறப்போடுவார்கள். திரும்ப வளரும் மரங்களில் பிரம்பு ஏறிக்கொள்ளும். ஏழு முதல் பத்து ஆண்டில் கழி தயார். பார்க்கிறவர் கண்ணுக்குக் காடு, ஊராருக்கு இன்ன குடும்பத்தின் பிரம்புத் தோட்டம் என்று தெரியும். குழம்புக்கு வேண்டிய குருத்தும் அங்கிருந்துதான் வரும். 2012 தொடக்கத்திலிருந்து இந்தோனேசியா பதப்படுத்தாத பிரம்பை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. உள்நாட்டு நாற்காலித் தொழிலைக் காப்பது நோக்கம். தோட்டக்காரருக்கு வாங்குகிறவர்கள் குறைந்து, விலை சரிந்தது. கழிக்கு விலை இல்லாதபோது தோட்டத்தை அழித்து வேறு பயிருக்கு மாறுகிறார்கள், தோட்டம் போனால் குருத்தும் போகிறது. பிரம்புக்கு நல்ல விலை கிடைப்பதுதான் அந்தக் காட்டுக்கு வேலி என்று நினைக்கிறேன்.

பழத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

கொத்தாகக் காய்க்கும். ஒவ்வொரு பழத்தின் மேலும் பாம்புத் தோல் போலச் செதில்கள், மேலிருந்து கீழாகக் கூரை வேய்ந்த வரிசையில் இருக்கும். இந்தோனேசியாவின் சலாக் பழத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்; அது பிரம்புக்கு நெருங்கிய உறவு. நகத்தால் செதிலைக் கிள்ளி உரித்தால் கொட்டையைச் சுற்றி மெல்லிய சதை. நல்ல புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, சில இனங்களில் இனிப்பு. சதை கொஞ்சம்தான், கொட்டைதான் பெரிது.

பிலிப்பைன்ஸில் காலமஸ் மனிலென்சிஸ் இனத்தின் பழம் 'லிட்டுக்கோ' என்ற பெயரில் பாகியோ போன்ற மலை நகரச் சந்தைகளில் கொத்தோடு விற்கும். உப்பு தொட்டுத் தின்பார்கள், ஊறுகாயும் போடுவார்கள். வங்காளத்திலும் அசாமிலும் கிராமத்துப் பிள்ளைகள் பிரப்பம்பழத்தைப் பறித்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்கித் தின்பார்கள். நம் பக்கமும் இது புதிதல்ல. குளத்தங்கரைப் பிரம்பில் பழுத்து உதிரும் கனியைக் கெண்டைமீன் கவ்வுவதாகச் சங்கப் பாட்டு ஒன்று சொல்கிறது. அந்தப் பாட்டு பழத்தின் மேல்தோலில் வரி இருப்பதையும் விடவில்லை. செதிலைக் கண்ணால் பார்த்தவர்தான் அப்படிப் பாடியிருக்க முடியும்.

பழத்துக்காக வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலமஸ் இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. பெண் செடிதான் காய்க்கும். பக்கத்தில் ஆண் இருந்தாக வேண்டும்.

எல்லாப் பிரம்பும் உண்ணத் தகுந்ததா?

இல்லை. உள்ளூர்க்காரர் காட்டிக் கொடுக்காத எதையும் வாயில் வைக்க வேண்டாம். சிலவற்றின் கசப்பை எத்தனை முறை வடித்தாலும் தாங்க முடியாது. சுமத்ராவில் ஜெர்னாங் என்னும் பிரம்பின் பழத்துச் செதில்களுக்கு நடுவே ரத்தச் சிவப்பில் பிசின் சுரக்கும். அது சாயத்துக்கும் மெருகெண்ணெய்க்கும் மருந்துக்கும் போகும் சரக்கு. அதைத் தின்பண்டமாக எண்ணக் கூடாது.

கோர்தால்சியா என்ற பேரினத்தில் வேறு ஆபத்து. சில இனங்களில் இலையுறையின் மேல்பகுதி உப்பி, உள்ளே எறும்புகள் குடியிருக்கும். கொடியைத் தொட்டதும் எறும்புகள் அந்தக் காய்ந்த உறையில் உடம்பைத் தட்டும்; சலசலவென்று சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் கையை எடுத்துவிடுவது நல்லது.

இணையத்தில் 'காலமஸ்' என்று தேடினால் வசம்பும் வரும். அதன் அறிவியல் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. வசம்புக்கும் பிரம்புக்கும் எந்த உறவும் இல்லை. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

உடம்புக்கு நல்லதா?

பெரும்பகுதி தண்ணீரும் நாரும். கொழுப்பு மிகக் குறைவு, பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் உண்டு. நல்ல காய்கறி, அவ்வளவுதான். சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டில் பிரம்பு இருக்கிறதா? போய் வெட்டலாமா?

இருக்கிறது. காலமஸ் ரோட்டாங் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சமவெளி நீர்நிலைகளின் கரையில் வளர்வது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் இன்னும் பல இனங்கள். அவற்றில் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை. கேரளத்தில் சூரல் என்பார்கள்.

காப்புக்காட்டில் நாம் போய் வெட்டக் கூடாது, அது குற்றம். காட்டில் வாழும் பழங்குடியினரின் நிலை வேறு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள் பட்டியலில் பிரம்பைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. காடு நமக்குச் சுற்றுலா, அவர்களுக்குச் சமையலறை. அந்த வேறுபாட்டைச் சட்டம் ஒப்புக்கொண்டது சரியே.

நீர்நிலை ஓரத்துப் பிரம்பைப் பொறுத்தவரை என் கருத்து: நம் ஊரில் எஞ்சியிருப்பதே கொஞ்சம். குருத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். பழம் பழுத்தால் விதையை எடுத்து முளைக்கப் போடுங்கள்.

விதை போட்டு வளர்ப்பது எப்படி?

விதை காயக் கூடாது. காய்ந்தால் முளைக்காது. பழுத்த பழத்தின் செதிலையும் சதையையும் கழுவி எடுத்துவிட்டு, அன்றோ மறுநாளோ ஈர மணலிலோ மரத்தூளிலோ போட வேண்டும். முளைக்கச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். பொறுமை இல்லாமல் கிளறிப் பார்க்காதீர்கள். நாற்றுக்கு அரை நிழல் போதும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் மட்டும் நடாதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே முள் வேலையைக் காட்டும்.

வெளிநாட்டுக் கடைகளில் புட்டியில் கிடைக்கும் குருத்தை எப்படிச் சமைப்பது?

ஐரோப்பா, அமெரிக்காவில் தாய்லாந்து, லாவோஸ் பொருள் விற்கும் கடைகளில் உப்புநீரிலோ யாநாங் சாற்றிலோ போட்ட குருத்து கிடைக்கும். உப்புநீரைக் கொட்டி, நன்றாக அலசி, ஐந்து நிமிடம் புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடியுங்கள். பிறகு நம் வீட்டுப் பாகற்காய்ப் புளிக்குழம்பு வைக்கும் முறையே போதும். புளியும் சின்ன வெங்காயமும் கசப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஏற்கெனவே வெந்தது என்பதால் குழம்பு கொதித்து இறக்கும் தறுவாயில் சேருங்கள். முதலிலேயே போட்டால் கரைந்து நார் மட்டும் மிஞ்சும்.